மஞ்சள் பட்ட டயல்கள்

சஃபீர் பாய் மூன்றாவது தடவையாக "டீ குடிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டபோதுதான் விஷயம் கொஞ்சம் பெரிசு என்று எனக்கு உறைத்தது. முதல் டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. இரண்டாவதைப் பாதி குடித்திருந்தேன். மிளகாய்க் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தவனைப் போனில் கூப்பிட்டு, "உடனே யூனிட்டுக்கு வர முடியுமா? முருகலட்சுமிக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு, நீங்க பதறாம வாங்க" என்று சொன்னால் எவன் பதறாமல் வருவான்? சாயல்குடியிலிருந்து ஏர்வாடியைத் தாண்டி வந்து சேரும்வரை வண்டியை நான் ஓட்டினேனா, வண்டி என்னை ஓட்டியதா என்று தெரியாது. காரமேறிய கையைக்கூடக் கழுவவில்லை. வந்து பார்த்தால் மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், டீ வேண்டுமா என்று கேட்கிறார்.

"பாய், என்னன்னு சொல்லிருங்க. லட்சுமி எதையும் ஒடச்சிருச்சா?"

"சே சே. அது கையில எதுவும் ஒடையாது."

சொல்லிவிட்டு மறுபடியும் பேனா மூடிக்கே போய்விட்டார்.

முருகலட்சுமி என் மனைவி. கல்யாணமாகி ஏழாவது மாதம் நடக்கிறது. இங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். கைக்கடிகாரத்தின் முகத்தில் மணி காட்டும் இடங்களில் எண்ணுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குச்சிகள் பதித்திருப்பார்களே, அவற்றைப் பதிக்கிற வேலை. டயலுக்குப் பன்னிரண்டு குச்சி. ஒவ்வொரு குச்சிக்கும் அடியில் இரண்டு கால். கால் என்றால் தலைமுடி கனம். டயலில் அதற்கென்று ஓட்டைகள் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இடுக்கியால் குச்சியைத் தூக்கி, இரண்டு காலும் இரண்டு ஓட்டையில் இறங்கும்படி நிறுத்த வேண்டும். பிறகு டயலைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் ஊசிமுனையால் பசை தொட்டு வைத்து நீல விளக்கின் கீழே காட்டினால் பசை இறுகிவிடும். இதை எனக்குப் புரியவைக்க அவள் ஒருநாள் சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் வட்டமாகச் சீரகத்தை அடுக்கிக் காட்டினாள். நானும் ஒன்று வைத்தேன். "ஏழு மணிக்கு வைக்கச் சொன்னா ஏழே காலுக்கு வச்சிருக்கீங்களே மச்சான்" என்று அப்படிச் சிரித்தாள். என் ஆத்தா, "சீரகம் விக்கிற வெலையில வெளையாட்டப் பாரு" என்று வைதுகொண்டே வந்து, தானும் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

சஃபீர் பாய் கீழக்கரைக்காரர். ஓசூரில் ஒரு டயல் கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு, உம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊர் திரும்பியவர். கடலோரத்தில் டயல் வேலை செய்வது அடைமழையில் அப்பளம் காயப்போடுகிற கதைதான். உப்புக்காற்று பட்டால் பித்தளை நாலு நாளில் பச்சை பூத்துவிடும். அதனால் அவர் தேடித்தேடிப் பிடித்த இடம், மூடிக்கிடந்த ஒரு பழைய ஐஸ் பேக்டரி. ஒன்றரை அடி கனத்தில் சுவர், இரட்டைக் கதவு. அன்றைக்குக் குளிர் வெளியே போகாமல் இருப்பதற்காகக் கட்டியது, இன்றைக்கு உப்பு உள்ளே வராமல் காக்கிறது. ஐஸ் கட்டியை வெளியே தள்ளுவதற்கு இருந்த திறப்பில் மட்டும் இரட்டைக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார். உள்ளே ஐந்து பெண்கள். எல்லோருக்கும் நீலக் கவுன், தலைக்கு உறை, விரலுக்கு உறை. பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. ஆயிரக்கணக்கில் வருகிற வேலைக்கு ஓசூரிலேயே மெஷின் இருக்கிறது. ஐம்பது, நூறு என்று வருவது மட்டும் இங்கே வரும்.

மாசி பிறந்ததும் வந்த ஆர்டர் தனி ரகம். முத்துச்சிப்பி ஓட்டில் செய்த டயல். அந்த வாட்ச் ஒன்றின் விலைக்கு ஒரு டிராக்டர் வாங்கலாமாம். ஓட்டைக் காகித கனத்துக்கு இழைத்துப் பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டியிருப்பார்கள். சிப்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடலின் கரையில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலியாச் சிப்பிக்குக் குச்சி வைக்கிறோமே என்று பாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இதையும் மெஷினிலேயே செய்ய முடியாதா என்று லட்சுமியிடம் கேட்டேன். "மெஷினு எல்லாத்தையும் ஒரே அமுக்கா அமுக்கும் மச்சான். சிப்பி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. எங்கன மெலிசா இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? படக்குன்னு விரிசல் விட்டுரும். கையி வச்சதுமே நமக்குத் தெரிஞ்சுபோகும்" என்றாள். அவள் அதைச் சொன்னபோது இருந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மாதிரிக்கு இருபது டயல் வந்தது. அதில் ஆறு சுத்தமாக ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வேலை. சேராவிட்டால் குச்சியே வேண்டாமென்று மெஷினில் வெறும் கோடு அச்சடித்துக்கொள்வார்கள். யூனிட்டைச் சாத்த வேண்டியதுதான், ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐந்து பேரிலும் சிப்பி டயலைத் தொட பாய் நம்பியது லட்சுமியை மட்டும். இரண்டு வாரத்தில் பதினாலு டயல் முடித்தாள். ஒரு குச்சி கோணவில்லை, ஒரு ஓட்டில் கீறல் இல்லை. ஆனால் பதினாலிலும் வெள்ளை ஓட்டின்மேல் அங்கங்கே லேசாக ஒரு பழுப்பு. துடைத்தாலும் போகவில்லை. பசை மாற்றிப் பார்த்தார்கள், விளக்கு மாற்றிப் பார்த்தார்கள். லட்சுமி வீட்டுக்கு வந்து கையை விரித்து விரித்துப் பார்ப்பாள். "எங்கையி வேர்வைதான் மச்சான். எங்கையிதான் சரியில்ல" என்று நேற்று சோற்றைப் பிசைந்தபடியே அழுதுவிட்டாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது? மிளகாயாக இருந்தால் ஏதாவது யோசனை சொல்வேன்.

"நேத்து சாயந்தரம் எல்லாரும் போனப்புறம் கண்டுபிடிச்சேன் தம்பி" என்று பாய் ஒருவழியாக ஆரம்பித்தார். "நீல விளக்குல எப்பவும் பின்பக்கந்தான் காட்டுவோம். நேத்து ஒரு டயல் தவறி முன்பக்கமா விழுந்துச்சு. பழுப்பு இருந்த எடமெல்லாம் பளிச்சுன்னு பச்சையா மின்னுது. லட்சுமி கழட்டிப் போட்ட விரல் உறைய வச்சுப் பாத்தேன், அதுவும் மின்னுது. கவுனோட கழுத்துப் பக்கம் அப்படி மின்னுது. மஞ்சள் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

எனக்கு இன்னும் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னைக்குக் காலையில கண்ணாடி வழியா நின்னு பாத்தேன். ஒவ்வொரு டயலையும் எடுக்கிறதுக்கு முந்தி தாலிய வெளிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஆரம்பிக்குது. உறை போட்ட கையாலயே. செய்றோம்னு அதுக்கே தெரியல."

ஆறு டயல் மிச்சம் இருப்பதும், ஏழு மணிக்கு மதுரையிலிருந்து கூரியர்காரன் வருவதும் எனக்கு ஏற்கனவே தெரியும். காலையிலிருந்து அந்த ஆறையும் அவளிடம் கொடுக்காமல் வேறு பழைய வேலையைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். "நான் எப்படித் தம்பி கேக்குறது? கல்யாணமாகி ஏழு மாசம் ஆன புள்ளைகிட்டப் போயி தாலியக் கழட்டும்மான்னு என் வாயால சொல்ல முடியுமா? எங்க உம்மாகிட்ட சொன்னேன். வாயில அடிச்சுக்கிட்டாங்க." மனிதருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் அவர் தவிப்பு சரிதான் என்று விளங்கும். தாலியைப் பிரித்துச் சங்கிலியில் கோர்ப்பதற்கு ஐந்தாவது மாதம் நாள் பார்த்திருந்தோம். என் சித்தப்பா போய்ச் சேர்ந்து தீட்டாகிவிட்டதால் ஒன்பதாவது மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை மஞ்சள் கயிறுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆத்தா கல்லில் மஞ்சளை உரசிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். தான் தொட மாட்டாள். "நல்லா ஏறத் தேயி தாயி, வெளுப்பு தெரியக் கூடாது" என்று தூரத்தில் நின்றே சொல்வாள். அய்யா இறந்தபோது ஆத்தாவுக்கு முப்பத்தொரு வயது. அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றியதை ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் கழுத்து வெறுமையாக இருப்பது என்றால் அதற்கு அந்த ஒரு அர்த்தம்தான்.

பாய் கதவைத் தட்டி லட்சுமியை வெளியே கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, தோட்டத்துக் குழாயை யாரோ திறந்துவிட்ட மாதிரி அவசரமாகப் போய்விட்டார். அங்கே தோட்டமும் இல்லை, குழாயும் இல்லை. லட்சுமி தலை உறையோடு வந்தாள். நெற்றியில் உறையின் ரப்பர் அழுந்தி ஒரு கோடு. என்னைப் பார்த்ததும், "ஆத்தாவுக்கு என்ன?" என்றாள். ஆத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். நீல விளக்கு, பச்சையாக மின்னியது, மஞ்சள் எல்லாம். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப எங்கையி மேல குத்தமில்லையா?"

"இல்லயாம்."

"வேர்வை இல்லையா?"

"மஞ்சளாம்டி."

"நெசமாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தே விட்டாள். இரண்டு வாரமாக அவள் தூக்கிச் சுமந்த பாரம் அது. அதை இறக்கிய சந்தோஷத்தில் அடுத்தது என்ன என்பது அவளுக்கு உடனே தட்டுப்படவில்லை. மெல்லத்தான் தட்டுப்பட்டது. கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. போன கையை அவளே பார்த்தாள்.

உள்ளே பிளாஸ்டிக் போட்டு மூடிக்கொண்டால் என்ன என்றேன். கவுனைக் கழுத்துவரை இறுக்கி ஒட்டிவிட்டால் என்ன என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியாமலே கையி போகுதே மச்சான். அது இருக்குன்னு இருந்தா கையி போகத்தான் செய்யும்" என்றாள். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒவ்வொரு டயலுக்கும் உங்களத்தான் நெனச்சுக்குவேன். நீங்க வண்டியில வேகமாப் போவீங்க. காட்டுல பாம்பு கெடக்கும். அதான்." பதினாலு டயலைக் கெடுத்த குற்றவாளி நான்தான் என்று ஏதோ கேலி பேசப் பார்த்தேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு பெண் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டு என் உயிருக்குக் காவல் இருந்திருக்கிறாள். நானோ அந்த நேரத்தில் சாயல்குடி கடையில் வடை தின்றுகொண்டிருந்திருப்பேன்.

"லட்சுமி, வேண்டாம்னா வேண்டாம். இந்த வேல இல்லாட்டி என்ன?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எனக்கு வேணும்" என்றாள். "அந்த ஆறையும் நான் வச்சுப் பாக்கணும் மச்சான்."

கொஞ்ச நேரம் இரட்டைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது" என்றாள். அந்தக் கண்ணாடித் திறப்புக்கு நேராக, அவள் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும்படி நான் உட்கார்ந்திருக்க வேண்டும். தாலி என் கையில் இருக்க வேண்டும். பையில் போடக் கூடாது. நடுவில் எழுந்து எங்கும் போகக் கூடாது. கையில் தாலியோடு நான் எதிரே இருந்தால் அவள் செய்வாள். "முடியுமா?" என்றாள். அது என்ன பெரிய வேலை, உட்கார்ந்திருப்பதுதானே என்றேன். அவள் தாலியைத் தலைவழியாகத் தூக்கும்போது நான் கை நீட்டினேன். "மொளகாக் கையி!" என்று பின்வாங்கிவிட்டாள். ஓடிப்போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். எங்கிருந்தோ பாய் வந்து, டயல் துடைக்கிற வெள்ளைத் துணி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். அதன்மேல் லட்சுமி தாலியை வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு கழுத்தையும் கையையும் கழுவி, புதுக் கவுனும் புது உறையும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மணி ஒன்று நாற்பது.

முற்றத்தில் கண்ணாடிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலடியில் அவள். ஒரு சின்னக் காற்றுப் பந்தால் டயலை ஊதினாள். குச்சிகளைக் கறுப்புத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குமேல் நடந்ததெல்லாம் அவள் விரல் நுனிக்கும் டயலுக்கும் நடுவில். கை அசைவதே தெரியாது. தோள் மட்டும் சில நேரம் அப்படியே நின்றுவிடும். மூச்சை நிறுத்தியிருக்கிறாள் என்று அர்த்தம். தோள் இறங்கினால் ஒரு குச்சி உட்கார்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு எண்ண ஒரு வேலை கிடைத்தது. பன்னிரண்டு தடவை தோள் இறங்கியதும் டயலைத் திருப்பினாள், பசை வைத்தாள், நீல விளக்கில் காட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பாய் டயலைக் கொண்டுபோய் முன்பக்கத்தை நீல விளக்கில் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்து, "ஒண்ணுமே மின்னல தம்பி!" என்றார். ஐம்பது நிமிடத்தில் ஒன்று.

உட்கார்ந்திருப்பது பெரிய வேலைதான் என்பது மூன்றாவது டயலில் தெரிந்தது. வெயில் முகத்துக்கு வந்தது. நாற்காலியை நகர்த்த முடியாது. குடித்த அரை டீ நாலு மணிக்குத் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. பாயிடம் சாடையாகச் சொன்னேன். "நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் உக்காந்துக்கிறேன்" என்றார். "நீங்க உக்காந்து என்ன செய்ய பாய்?" என்றேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்காவது டயலில் அவள் ஆழ்ந்திருந்த நேரம் பார்த்துக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடினேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் அவள் நிமிர்ந்து வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இடுக்கி ஒரு கையில் நிற்கிறது, மற்றக் கை கழுத்தில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தாள். இடுக்கியிலிருந்த குச்சி எங்கோ விழுந்துவிட்டது. பக்கத்து மேசை ஜெயசுதாவும் அவளும் தரையில் விளக்கடித்துத் தேடி எடுப்பதற்குக் கால்மணி நேரம் போயிற்று. விரல் உறையையும் மாற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நான் என்னை எவ்வளவு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த நேரம் பார்த்து ஆத்தா போன். "ஏலே சோணை, எங்கனலே இருக்க? தெக்க மேகம் கூடுது. மொளகாப் பழம் பூராவும் களத்துல கெடக்கு. வந்து படுதாவப் போடுலே." பத்து நாள் காய்ந்த பழம். ஒரு மழை பட்டால் கறுத்துப்போகும், அப்புறம் வாங்க ஆள் வராது. பக்கத்துக் காட்டு இருளாண்டியைக் கூப்பிட்டுக்கொள் என்றேன். இருளாண்டி பரமக்குடி போயிருக்கிறானாம். இதோ வருகிறேன் என்று வைத்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தேன். இங்கேயும் வெயில் மங்கிக்கொண்டு வந்தது. உள்ளே அவள் தோள் நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷ வெள்ளாமை அங்கே கிடக்கிறது, எழுந்திருக்க முடியாமல் நான் இங்கே கிடக்கிறேன். கையைப் பார்த்தேன். துணியை மீறி உள்ளங்கை முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது.

அரைமணி கழித்து மறுபடியும் ஆத்தா. குரலில் கோபம் ஏறியிருந்தது. "வாரேன் வாரேன்னு எங்கன போயித் தொலஞ்ச? நெசத்தச் சொல்லு, யாருக்கும் எதுவும் ஆயிருச்சா?" அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே கிடையாது. சொல்லிவிட்டேன். மஞ்சளையும் டயலையும் சொன்னேன். லட்சுமி கழற்றித் தந்ததைச் சொன்னேன். நான் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். வையப்போகிறாள், அல்லது அழப்போகிறாள், அல்லது இனி அந்த வேலைக்கே போகக் கூடாது என்று சொல்லப்போகிறாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். களத்தில் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"கையில வச்சிருக்கியா?" என்றாள்.

"கையிலதான் ஆத்தா."

"தரையில வச்சிராத."

"இல்ல."

"எதுக்கும் எந்திரிக்காதலே. அது நிமிந்து பாக்கயில நீ அங்கன இருக்கணும்." கடைசியாக, "மொளகாய நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், அவ்வளவு பெரிய படுதாவைக் காற்றில் தனியாக இழுத்துக்கொண்டு எப்படி அல்லாடுவாள் என்று எனக்குத் தெரியும். என் ஆத்தா பூமயிலை நினைத்து அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். லட்சுமி நிமிரும் நேரத்தில் மட்டும் முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டேன். கையில் மிச்சமிருந்த மிளகாய்க் காரம் கண்ணில் பட்டு எரிச்சல் வேறு. அழுகைக்குக் காரணம் சொல்ல அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

ஐந்தாவது டயலும் சுத்தம் என்று பாய் வந்து சொன்னபோது மணி ஆறேகால். ஆறாவதை அவள் தொடங்கிவிட்டாள். இங்கே ஒரு தூறல் விழுந்து நின்றது. மேகமும் சேர்ந்துகொண்டதால் சீக்கிரமே இருட்டிவிட்டது. உள்ளே வெள்ளை விளக்குகளில் அவள் நெற்றிக் கோடுவரை எனக்குத் தெரிந்தது. நாலாவது தோள் இறங்கியதை எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழு. ஏழாவதற்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். அவள் முகம் மாறவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடினாள். அப்போதுதான் புரிந்தது. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. அவளுக்குக் கண்ணாடியில் அவள்தான் தெரிகிறாள். என்னைத் தெரியவில்லை. பூச்சி வரும் என்று பாய் முற்றத்தில் விளக்கே போடவில்லை. அவள் கை இடுக்கியைக் கீழே வைப்பதையும், மெல்ல மேலே எழும்புவதையும் பார்த்தேன்.

எழுந்து கண்ணாடியிடம் போனேன். இடது கையால் போனை எடுத்து, அதிலுள்ள விளக்கைப் போட்டு, தாடைக்குக் கீழே என் முகத்தின்மேலேயே அடித்தேன். வலது கையைத் துணியோடு அந்த வெளிச்சத்துக்குள் கொண்டுவந்து பிடித்தேன். என் முகம் எப்படித்தான் தெரிந்ததோ, அவள் ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. தோள் குலுங்கியது. குலுங்குவது நிற்கும்வரை பொறுத்திருந்தாள். ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

எங்கிருந்துதான் வந்தனவோ, வெளிச்சத்துக்கு ஈசல்களெல்லாம் வந்து என் நெற்றியிலும் மீசையிலும் மொய்த்தன. சாலையில் ஒரு வண்டி திரும்பி யூனிட்டை நோக்கி வருவது கேட்டது. போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம் இருந்தது. நான் முகத்தைக் கண்ணாடிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன்.